பித்தளைப் பூட்டும் எஸ்.டி.டி.யும்

2024 ஜூன் 8, சனி

பரணை ஒழிக்கும்போது அப்பாவின் கறுப்புத் தொலைபேசி கிடைத்தது. டயல் சுழலாதபடி அதன் துளையொன்றில் அவர் மாட்டிய சிறிய பித்தளைப் பூட்டு இன்னும் தொங்குகிறது, சாவியைக் காணோம். 1980களின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு எஸ்.டி.டி., அதாவது ஆபரேட்டர் இல்லாமல் நாமே வெளியூருக்கு டயல் செய்யும் வசதி, வந்த வாரமே அந்தப் பூட்டும் வந்தது. அதற்கு முன் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் ஆபரேட்டரிடம் டிரங்க் கால் பதிவு செய்து, சாதாரணமா, அர்ஜென்டா, அதைவிட அவசரமான லைட்னிங்கா என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கும்வரை தொலைபேசியின் அருகிலேயே காத்துக்கிடக்க வேண்டும். ஆனால் மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் குறுக்கிட்டுச் சொல்லிவிடுவார். எவ்வளவு நேரம் பேசினோம் என்பதற்கு ஒரு சாட்சி இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

இந்தியாவில் இந்த வசதி 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில்தான் முதலில் வந்தது. எஸ்.டி.டி. என்ற பெயர் பிரிட்டனில் வழங்கியது. அங்கே 1958 டிசம்பர் 5 அன்று எலிசபெத் அரசியார் பிரிஸ்டலிலிருந்து எடின்பரோ நகரத் தலைவரைத் தாமே டயல் செய்து அழைத்துத் தொடங்கிவைத்தார். அமெரிக்கா இன்னும் முந்திக்கொண்டது. 1951 நவம்பர் 10 அன்று நியூ ஜெர்சியின் எங்கில்வுட் மேயர் கலிபோர்னியாவின் அலமீடா மேயரை அழைத்தபோது, கண்டத்தின் மறுகரைக்கு 18 விநாடியில் இணைப்புக் கிடைத்தது.

ஜூன் 11, செவ்வாய்

அந்நாளில் உள்ளூர்ப் பேச்சுக்கும் வெளியூர்ப் பேச்சுக்கும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஒரே மீட்டர்தான். தூரம் கூடக் கூட அது வேகமாக ஓடும். பில்லில் மொத்த எண்ணிக்கை மட்டும் இருக்கும், யாரிடம் எத்தனை நிமிடம் பேசினோம் என்ற விவரம் இருக்காது. அப்பாவின் பூட்டுக்கு இதுவே காரணம். அவரைக் கஞ்சர் என்று நாங்கள் சொன்னது அநியாயம் என்று இப்போது தோன்றுகிறது.

பூட்டை வென்றவன் அண்ணன். சுழற்றிவிட்ட டயல் திரும்பி வரும்போது, 1க்கு ஒரு முறை, 2க்கு இரண்டு முறை, 0க்குப் பத்து முறை என்று மின்சுற்று துண்டிக்கப்பட்டு இணைகிறது. ரிசீவர் வைக்கும் இடத்திலுள்ள பொத்தானைச் சீராகத் தட்டினாலும் அதுவேதான் நடக்கும் என்பதை அவன் எங்கோ கற்றுவந்திருந்தான். பம்பாய்க்கு 022 என்றால் பத்து, இரண்டு, இரண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் சற்று நிறுத்த வேண்டும், விரல் தடுமாறினால் யார் வீட்டிலோ மணி அடிக்கும். அமெரிக்கர்கள் நியூயார்க்குக்கு 212 என்று கொடுத்ததும் இந்தக் கணக்கால்தான்: அழைப்பு மிகுந்த ஊருக்கு ஐந்தே துண்டிப்புகள்.

ஜூன் 12, புதன்

அதே பெட்டியில் அப்பாவின் கணக்கு நோட்டும் இருந்தது. தேதி, ஊர், நிமிடம் என்று மூன்று பத்திகள். அதில் ஒரு வரி: “பம்பாய், பெரியவன், 4 நிமிடம், இரவு 11க்கு மேல்.” அந்நேரத்தில் கட்டணம் கால் பங்குதான். அண்ணனிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவர் தூங்கிவிட்டார் என்றல்லவா நினைத்தேன் என்றான்.