ஆச்சி போடும் போன்

புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் கிளினிக்கல் ட்ரயலை ஒருங்கிணைக்கும் கோஆர்டினேட்டர்களுக்குப் பயிற்சி என்றால் பல இடங்களில் இன்னமும் ஸ்லைடு மேல் ஸ்லைடு, மதியம் பிரியாணி, சாயங்காலம் டிரெயினிங் லாக்கில் கையெழுத்துதான். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, தங்களையே சோதித்துப் பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-லேயே காட்டிவிட்டார்கள். ஸ்லைடு போடுகிறவர்கள் காதில் அது இன்னும் விழவில்லை.

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில்தான் என் வகுப்பு. மதுரை, திருச்சியிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி, ட்ரயலில் சேர்ந்த ஒருவரின் வீட்டுக்காரம்மா மாதிரி நடித்து, உள்கட்டில் உட்கார்ந்து அவர்களுக்குப் போன் போடுவார். அவருக்கு இதில் தனி குஷி. கதையை அவரே ஜோடித்துக்கொள்வார்.

"தம்பி, நாளைக்கு எங்க வீட்டு ஐயா வரமாட்டாக. நேத்து ராத்திரி மூச்சு முட்டி, தேவகோட்டையில ஆஸ்பத்திரில சேர்த்தோம். இன்னைக்குத் தேவல. மாத்திரையெல்லாம் காரணமில்ல தம்பி, கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கல, அம்புட்டுத்தான்."

பத்துப் பேரில் பாதிப் பேர், "சரிங்க ஆச்சி, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிடுவார்கள். சட்டம் தெரியாதவர்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தாலே அது எஸ்.ஏ.இ., அதாவது ட்ரயலின்போது நேரும் கடுமையான பாதிப்பு; மருந்தால் வந்ததா என்பது அப்புறம் பார்க்க வேண்டிய கேள்வி. இந்தியாவின் 2019 கிளினிக்கல் ட்ரயல் விதிகளின்படி ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அரசு உரிம அதிகாரிக்கும், ஆய்வை நடத்தவைக்கும் ஸ்பான்சருக்கும், ஆய்வில் சேர்ந்தவர்களின் நலனைக் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் தெரிவிக்க வேண்டும். கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஆனால் ஆச்சி காரணத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார் அல்லவா? முதலில் காதில் விழுந்த காரணத்தில் மனசு போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு விதியை இன்னொரு முறை விளக்கிப் பயனில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொன்ன "இது நடந்தால் இதைச் செய்வேன்" முறைதான் எனக்குக் கைகொடுக்கிறது. "சேர்த்தோம்" என்ற சொல் காதில் விழுந்தால் முதலில் மணியைக் குறி, அடுத்து எந்த ஆஸ்பத்திரி, எப்போது சேர்த்தார்கள் என்று கேள், உடனே டாக்டரைக் கூப்பிடு. காரணத்தைப் பற்றி வாயே திறக்காதே. இதை ஆச்சி விதவிதமாகக் கதை மாற்றிப் போன் போட்டுப் பழக்குவார். போன மாதம் ஐயா மாடிப்படியில் விழுந்தார்.

ட்ரயலில் சேர்கிறவர்களிடம் ஒப்புதல் வாங்குவதிலும் இதே சிக்கல்தான். "டாக்டர் சொன்னாச் சரிதான்" என்று நம்மூர்ப் பெரியவர்கள் பேனாவை நீட்டுவதற்குள் வாங்கிவிடுவார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வார்கள். "வீட்டுக்குப் போனதும் ஆச்சி கேட்டா என்ன சொல்வீக?" என்று கேட்டுப் பாருங்கள். "புது மருந்து குடுக்குறாக, சரியாப்போயிரும்" என்று பதில் வந்தால், மருந்தில்லாத மாத்திரையும் கிடைக்கலாம் என்பது அவருக்குப் போய்ச் சேரவில்லை. படிவத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

எண்களைச் சொல்லும் விதமும் முக்கியம். 1982-ல் மெக்நீல் குழுவினர் நுரையீரல் புற்றுநோய் சிகிச்சையை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அறுவைசிகிச்சையில் 100-க்கு 90 பேர் பிழைப்பார்கள் என்றபோது அதைத் தேர்ந்தவர்கள் அதிகம். 10 பேர் இறப்பார்கள் என்றதும் குறைந்துவிட்டார்கள். டாக்டர்களும் இதற்கு விலக்கில்லை. அதனால் என் பிள்ளைகள் இரண்டு கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் ஆச்சியே கண்டுபிடித்துவிடுவார்: "மிச்சம் பத்துப் பேரு எங்க தம்பி?"