ராத்திரி தண்ணி கேட்டா யார் எழுந்திருப்பாங்க?

"இந்த வீட்டில் முதன்மைப் பராமரிப்பாளர் யார்?"

வடசென்னை, கொருக்குப்பேட்டையில் ஒரு சந்து. வாசலில் குந்தி மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "பராமரிப்பா? இன்னிக்கு கரண்ட் நிறுத்தப் போறாங்களா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்று பேப்பரில் போடுவார்களே, அந்தச் சொல் நம் ஊரில் புழங்குவது அங்கேதான். மாமியாருக்குச் சோறு ஊட்டுவதை யாரும் பராமரிப்பு என்று சொல்வதில்லை. "பாத்துக்கறேன்" என்பார்கள். பல பேர் அதைக்கூடச் சொல்வதில்லை.

வீட்டோடு இருக்கும் முதியவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், நலிந்த நிலையில் உள்ள குழந்தைகள் என்று மூன்று தரப்பையும் சேர்த்துப் பார்க்கிற ஆய்வு அது. நான் களப்பணியாளர். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு என் பங்குக்கு வந்தன.

கேள்வித்தாள் முறைப்படி தயாரானதுதான். ஆங்கிலத்திலிருந்து ஒருவர் தமிழுக்கு மாற்றுவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் பாஸ். எங்களுடையது அச்சு அசலாக ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் என்ன, இரண்டு பேரும் படித்தவர்கள், ஒரே அகராதித் தமிழ். காசிமேட்டில் யாருக்காவது புரியுமா என்று மட்டும் அந்தச் சோதனை கேட்காது.

மூன்றாம் நாளே நான் கேள்வியை வாய்மொழியாக மாற்றிக்கொண்டேன். "ராத்திரி ஆயா தண்ணி கேட்டா யார் எழுந்து குடுப்பாங்க?" பதில் உடனே வந்தது. அதற்கு முன்பு "யார் பாத்துக்கறது" என்று கேட்டபோதெல்லாம் "புள்ளதான்" என்று மகனைக் கைகாட்டினார்கள். துட்டு கொடுப்பது மகன். எழுந்திருப்பது மருமகள், புருஷனை இழந்து அம்மா வீட்டுக்கே வந்துவிட்ட மகள், இல்லையென்றால் பேத்தி.

இன்னொரு சிக்கல் ஓ.ஏ.பி. 2023-ல் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆக உயர்ந்த முதியோர் உதவித்தொகை. ஆதரவற்றவர் என்று காட்டித்தான் பல பேர் அதை வாங்கியிருக்கிறார்கள். டேப்லெட்டும் கையுமாக ஒருத்தி வந்து "உங்களை யார் பாத்துக்கறாங்க" என்றால் என்ன சொல்வார்கள்? "யாரும் இல்லமா, அனாதை." பக்கத்திலேயே மகன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். முதல் வாரக் கணக்கைப் பார்த்தால் வடசென்னையில் பாதிக் கிழவிகளுக்கு நாதியே இல்லை என்று தோன்றும். "உங்க காசு கட் ஆவாது, நாங்க தாலுக்கா ஆபீஸ் இல்ல" என்பதுதான் அப்புறம் என் முதல் வாக்கியம். அதையும் எல்லாரும் நம்பிவிடவில்லை.

பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்க ஒரு அளவுகோல் உண்டு. ஸாரிட் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் 1980-ல் உருவாக்கியது. இப்போது உலகமெங்கும் பயன்படுவது 22 கேள்விகள் கொண்ட வடிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. 'அவர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா?' என்று ஒரு கேள்வி. நல்ல கேள்விதான், தனி அறை உள்ள வீட்டுக்கு. பத்துக்குப் பத்து அறையில் மாமியார் கட்டிலில் கண் மூடிப் படுத்திருக்கிறார், காது திறந்திருக்கிறது. மருமகள் என்ன சொல்வாள்? "கோவமா? சேச்சே." பூஜ்ஜியம். நாலு வீட்டில் பூஜ்ஜியம் வாங்கிய பிறகு, தண்ணி லாரி வரும் நேரத்துக்குப் போய்க் குடத்து வரிசையில் நின்று பேச்சுக் கொடுத்தேன். அதே பெண்கள், வேறு பதில்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே, "நாலுக்கு மேல நம்பர் இல்லையா?" என்றாள். வரிசையில் எடுத்த பதில் முறைப்படி செல்லாது என்று ஆபீசில் சொன்னார்கள். நாலு பேர் காதில் விழுகிற இடமாம். கட்டிலுக்குப் பக்கத்தில் கேட்டால் மட்டும் என்ன ரகசியம் வாழ்ந்தது என்று எனக்குப் புரியவில்லை.

வியாசர்பாடியில் ஒரு வீடு. ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. ஆயாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மகள் விடியற்காலை ஐந்தரைக்கே ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் இருப்பது 13 வயசுப் பேத்தி. ஆயாவைத் திருப்பிப் படுக்கவைப்பதை அவள் எனக்குச் செய்து காட்டினாள். முதலில் விழுந்த கையை எடுத்து மார்மேல் வைக்கிறாள். மறந்தால் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளுமாம், ஆயாவுக்கு வலியும் தெரியாதாம். அப்புறம் முழங்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் தன் பக்கம் சாய்க்கிறாள். முதுகுக்குப் பின்னால் சுருட்டிய லுங்கி. மக்களைத் தேடி மருத்துவத்தில் வந்த பிசியோதெரபி அக்கா கற்றுக்கொடுத்ததாம். 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. கற்றுக்கொள்ள அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவள் இவள்தான்.

ஸ்கூல்? "போவேன்க்கா. செவ்வா, வியாழன் அம்மாக்கு லீவு மாத்தினா." ரிஜிஸ்டரில் பெயர் இருக்கிறது. படிவத்தில் 'பள்ளி செல்லும் குழந்தை: ஆம்'.

பார்த்துக்கொள்பவர் பகுதியில் வயது 13 என்று அழுத்தினேன். டேப் சிவப்புக் காட்டியது. 18-க்குக் கீழ் ஏற்காது. மூன்று முறை முயன்றுவிட்டு அம்மாவின் வயது 36 என்று போட்டேன். அடுத்த பக்கம் திறந்தது. குறிப்புப் பெட்டியில் நடந்ததை எழுதினேன், அதை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்தே.

இங்கிலாந்தில் இந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் உண்டு, இளம் பராமரிப்பாளர். 2014-ல் வந்த சட்டப்படி உள்ளாட்சி அமைப்பே அவளுக்கு என்ன தேவை என்று மதிப்பிட்டாக வேண்டும். நம்முடைய 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் யார் என்று நீண்ட பட்டியலே இருக்கிறது. வீடில்லாத குழந்தை, பிச்சை எடுக்கும் குழந்தை, வயதுக்கு முன் கல்யாணம் நடக்கப்போகும் குழந்தை. ஆயாவைப் பார்த்துக்கொள்ளும் குழந்தை என்று தனியாக ஒரு வரி இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாமா என்று யோசித்தேன். அழைத்து என்ன சொல்வது? அந்த வீட்டில் யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. ஆயா நாலாம் வகுப்புவரை படித்தவர், சாயங்காலம் படுத்தபடியே அவளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கவைக்கிறார். தப்பு விட்டால் நல்ல கையால் ஒரு தட்டு. இதில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆய்வு பிரித்திருந்தது, மூன்று படிவமாக.

கிளம்பும்போது எல்லா வீட்டிலும் உதவி எண்கள் போட்ட ஒரு சீட்டு கொடுப்போம். முதியவருக்கு 14567, குழந்தைக்கு 1098. பார்த்துக்கொள்பவருக்கு அந்தச் சீட்டில் நம்பர் எதுவும் இல்லை.

வயது வரம்பைப் பற்றி ஆபீசில் இரண்டு வாரம் பேசினேன். பாதி ஆய்வில் படிவத்தை மாற்றினால் முன்பு எடுத்ததோடு ஒப்பிட முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். கடைசியில் வரம்பை எடுத்தார்கள், முன்பு சிவப்புக் காட்டிய வீடுகளுக்கு மட்டும் மறுபடி போய் வரச் சொன்னார்கள்.

நான் போன அன்று வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா துணி உலர்த்திக்கொண்டே, "ஆயாக்கு மூச்சு வாங்குச்சு, ஸ்டான்லில சேத்துக்கிறாங்க" என்றார்.

"பொண்ணு?"

"அதுதான் கூட இருக்குது. வேற யாரு?"

படியில் உட்கார்ந்து டேபைத் திறந்தேன். காரணப் பட்டியலில் பொருத்தமாக ஒன்றுதான் இருந்தது. 'வீட்டில் ஆள் இல்லை.' அதை அழுத்திவிட்டு அடுத்த பிளாக்குக்குப் போனேன்.