பிறவுண் பேப்பருக்குப் பின்னால்

எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் உலகச் சிற்பங்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பக்கத்தின் மேல் யாரோ பிறவுண் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். ஒட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்தை நாங்கள் கவனித்திருக்கவே மாட்டோம். நானும் கூட்டாளியும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சித்திர மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். அடி நிச்சயம் என்று நினைத்தோம்.

"பாக்கிறதெண்டா வடிவாப் பாருங்கோடா. அவன்ர கையில ஒரு புத்தகம் இருக்குது. தெரியுதோ?"

இரண்டு நிழல்கள்தான் தெரிந்தன. சரியென்று அவரே கதையைச் சொன்னார். இத்தாலியில் ராவென்னா நகரத்துப் பெண் பிரான்செஸ்கா. ரிமினியை ஆண்ட மலாடெஸ்டா குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மனம் போனதோ கணவனின் தம்பி பவுலோவிடம். ஒருநாள் இருவரும் லான்சலட் என்ற வீரனின் காதல் கதையை வாசிக்கிறார்கள். அதில் முத்தம் வரும் இடத்தில் இவர்களும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். கணவன் இருவரையும் கொன்றுவிடுகிறான். இது நடந்தது 1280களில். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் இவர்களை நரகத்துச் சூறைக்காற்றில் ஓயாமல் சுழலவிட்டார். அன்றைக்கு அதற்கு மேல் நாங்கள் வாசிக்கவில்லை என்கிறாள் பிரான்செஸ்கா அங்கே.

"அவ்வளவுதான் அவள் சொல்றது. மிச்சத்தைத் தாந்தேயும் பேப்பர் ஒட்டி மூடிப்போட்டார்" என்றார் மாஸ்டர்.

லண்டனுக்கு வந்த பிறகு, இந்தக் கதையின் ஓவியம் எதைக் கண்டாலும் முதலில் புத்தகத்தைத்தான் தேடுவேன். ஆங்க்ர் 1819இல் வரைந்ததில் அது பிரான்செஸ்காவின் கையிலிருந்து நழுவுகிறது. பின்னால் கணவன் வாளோடு வருகிறான். ரொசெட்டியின் 1855 நீர்வர்ண ஓவியத்தில் மடியில் விரிந்து கிடக்கிறது. எங்கள் பிறவுண் பேப்பர் ஆட்கள் பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் 'முத்தம்' சிலை. 'நரக வாசல்' என்ற பெரிய கதவுக்காகத்தான் அவர் முதலில் இவர்களைச் செய்தார். நரகத்துக்குப் பொருந்தாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்ததால் கதவிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிட்டார்.

அதன் பளிங்குப் பிரதியொன்று 1914இல் இங்கிலாந்தின் லூயிஸ் நகர மண்டபத்துக்கு வந்தது. ஊரில் தங்கியிருந்த படைவீரர்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்ப, துணி போட்டு மூடினார்கள்! மாஸ்டருக்குத் தெரிந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். 1953இல் அதை லண்டனின் டேட் கலரி வாங்கியது.

நான் போனது 2003இல். அந்த வருஷம் பார்த்து, கோர்னீலியா பார்க்கர் என்ற கலைஞர் ஒரு மைல் நீளக் கயிற்றைச் சிலையில் சுற்றிவைத்திருந்தார். என் ராசி! கயிறு போன பிறகு மறுபடி போய்ச் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பவுலோவின் கையில், அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் படாதபடி, இருந்தது.

அன்றிரவே டொரொன்டோவில் இருக்கும் கூட்டாளிக்கு டெலிபோன் எடுத்தேன்.

"மச்சான், புத்தகம் இருக்கடா."

எந்தப் புத்தகம் என்று அவன் கேட்கவில்லை.

"எத்தினையாம் பக்கத்தில விட்டவையாம்?"