ஃபிராங்க்ளின் வழியில் இங்கிலீஷ் எழுதிப் பழகுவது: இதுவரை நடந்தது

படித்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது. தமிழ் மீடியத்தில் படித்து வேலைக்கு வந்த நிறைய பேருக்கு இங்கிலீஷ் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது, எனக்கும் அப்படித்தான். ஆபீஸ் மெயிலில் பாதி 'ப்ளீஸ் ஃபைண்ட் தி அட்டாச்டு' வகையறா என்பதால் பிழைப்பு ஓடிவிடும், ஆனால் ஒரு விஷயத்தை விளக்கி நாலு வரி சொந்தமாக எழுத வேண்டும் என்றால் பழைய மெயிலைத் தேடியெடுத்துப் பேரை மாற்றி அனுப்புகிற ஆள் நான். கிளாஸ் எதற்கும் போகாமல், சாயங்காலம் வீட்டில் வாசிப்பையும் எழுத்தையும் மட்டும் வைத்துச் செய்து பார்த்ததில் எது வேலை செய்தது, எது சும்மா நேரத்தைத் தின்றது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் வாசிப்பு. யாரைக் கேட்டாலும் ஒரே அறிவுரைதான்: இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் படி, தெரியாத வார்த்தையை நோட்டில் எழுதி வை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அது சரிப்படலாம். எனக்கு அது உதவவே இல்லை. அந்த விவகாரத்தைத் தினமும் தொடர்ந்து படித்து வருகிறவருக்காக எழுதப்படுவது தலையங்கம், அதனால் வார்த்தை ஒரு பக்கம் இடிக்கும், விஷயம் இன்னொரு பக்கம் இடிக்கும். ஒரு பாராவை முடிப்பதற்குள் டிக்‌ஷனரியிலேயே பாதி நேரம் போய்விடும். நோட்டில் ஏறிய வார்த்தைகள் நோட்டை விட்டு இறங்கவே இல்லை.

நியூசிலாந்தில் பால் நேஷன் என்று ஒரு மொழியியல் பேராசிரியர், வார்த்தை கற்பது பற்றியே காலமெல்லாம் ஆராய்ந்தவர். அவரும் இன்னொருவரும் சேர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கதையை யார் துணையும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள வார்த்தைகளில் நூற்றுக்கு 98 ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. 300 வார்த்தை உள்ள ஒரு பக்கத்தில் தெரியாதது ஆறைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். தலையங்கத்தில் எனக்கு ஒரு பாராவிலேயே ஆறு வந்துவிடும்.

சரி என்று கீழே இறங்கி, வார்த்தைகளை எண்ணி வைத்து நிலை நிலையாக எழுதும் வாசிப்புப் புத்தகங்களுக்கு வந்தேன். ஆக்ஸ்ஃபோர்டு புக்வொர்ம்ஸ் வரிசையில் முதல் நிலைக்கு 400 வார்த்தை, இரண்டாவதற்கு 700, மூன்றாவதற்கு 1000. இந்த யோசனைக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, வங்காளப் பிள்ளைகளுக்குப் பேச்சை விட வாசிப்புதான் முதலில் கைகொடுக்கும் என்று சொல்லி, அடிக்கடி வரும் வார்த்தைகளை மட்டும் வைத்துப் பாடநூல் எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட சுமார் 2000 வார்த்தைப் பட்டியலை இன்றைக்கும் பாடநூல் எழுதுகிறவர்கள் புரட்டுகிறார்கள். நான் இரண்டாம் நிலையில் ஆரம்பித்தேன். அட்டையைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை புத்தகம் போல இருக்கும், பஸ்ஸில் வெளியே எடுக்கக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் ஒரு இங்கிலீஷ் கதையை டிக்‌ஷனரி தொடாமல் ஒரே மூச்சில் முடித்தது அப்போதுதான் முதல் தடவை.

ஆனால் இத்தனை படித்தும் எழுத்து நகரவில்லை. வேகம் கூடியது, பயம் போனது, பேனாவைப் பிடித்தால் அதே பழைய வாக்கியங்கள்தான்.

அதை நகர்த்தியது, அமெரிக்க விடுதலைத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கும் பயிற்சி. பத்து வயதில் பள்ளிக்கூடம் நின்றுபோய், பாஸ்டனில் அண்ணன் அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன் அவர். அவர் எழுதியதைப் படித்த அப்பா, எழுத்துப் பிழை இல்லை, ஆனால் சொல்கிற விதம் போதாது என்றாராம் (என் மெயிலைப் பார்த்தும் இதையேதான் சொல்லியிருப்பார்). லண்டனில் 1711–12இல் வந்த தி ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் தொகுப்பு ஒன்று ஃபிராங்க்ளினுக்குக் கிடைக்கிறது. அதில் ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதி, சில நாள் ஆறப்போட்டு, பிறகு மூலத்தைப் பார்க்காமல் குறிப்பை மட்டும் வைத்துக் கட்டுரையைத் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். அதில் வந்த சில கதைகளைச் செய்யுளாக்கி மறுபடி உரைநடையாக்கவும் செய்திருக்கிறார். அந்த வம்பு எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான் எடுத்தது ஈசாப் கதைகள், இங்கிலீஷில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உதாரணத்துக்குக் காகம் கதை. வடை திருடிய காகம் இல்லை, தாகமெடுத்து வந்து பானைக்குள் கல் போட்ட காகம். குறிப்பைத் தமிழில் எழுதினேன்: தாகம், பானை, அடியில் கொஞ்சம் தண்ணீர், அலகு எட்டவில்லை, கல். குறிப்பை இங்கிலீஷிலேயே எழுதினால் மூலத்து வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு வெறும் ஞாபகசக்திப் பரீட்சையாகிவிடுகிறது, அதனால் இந்தப் பயிற்சி செய்கிறவர்கள் குறிப்பைத் தமிழில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒப்பிட்டபோது சிவப்பு மை அதிகம் விழுந்தது 'தி' விட்டுப்போன இடங்களில். முதலில் வரும் காகத்துக்கு நாமே 'ஒரு காகம்' என்போம், அதனால் 'எ' தானாக வந்துவிடுகிறது. இரண்டாம் தடவை தமிழில் வெறும் 'காகம்' போதும், கை அங்கே இங்கிலீஷிலும் வெறுமனே விட்டுவிடுகிறது. இந்த விதி எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து தெரியும், தெரிந்து என்ன, கைக்கு வரவில்லையே. அடுத்தது வாக்கியக் கட்டு. பறந்து வந்து, பானையைக் கண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, அலகு எட்டாமல் தவித்து என்று எச்சமாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு முற்று வைப்பது நமக்கு இயல்பு. அதையே இங்கிலீஷில் செய்யும்போது வரிக்கு நாலு 'அண்ட்' விழுந்திருந்தது. மூலத்தில் அதே நிகழ்ச்சிகள் இரண்டு வாக்கியமாகப் பிரிந்து, ஒன்றில் 'வென்', இன்னொன்றில் 'பட்' வைத்து நிற்கின்றன. 'அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்த பானை' என்பதையும் நான் மூன்று குட்டி வாக்கியமாக உடைத்திருந்தேன். மூலம் பானையை முதலில் வைத்துவிட்டு, 'விச்' போட்டு, வர்ணனையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. கிராமர் புத்தகத்தில் பல தடவை கடந்துபோன சமாச்சாரம், என் வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே மூலத்தை வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஏஐயிடம் கொடுத்துத் திருத்தி வாங்குவதையும் பார்த்தேன். மொத்தமாகத் திருத்தச் சொன்னால் பளபளவென்று வேறு யாரோ எழுதியது மாதிரி திரும்பி வருகிறது, அதைப் படித்துத் தலையாட்டுவதோடு சரி. திருத்தாதே, தப்பு இருக்கும் வரியை மட்டும் காட்டு என்று சொன்னால் உபயோகம். டைரி எழுதிவிட்டு இப்படித்தான் காட்டுகிறேன். டைரியில் பெரிதாக ஒன்றும் இருக்காது, மாடியில் தண்ணீர் வராதது, மளிகைக் கடையில் சில்லறைத் தகராறு, இதுமாதிரிதான். சில்லறைத் தகராறை இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள், யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்பதிலேயே மூச்சு வாங்கும்.

ஃபிராங்க்ளின் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தியும் பார்ப்பாராம். இதை மெயிலுக்கு வைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டுகளில் தமிழில் எழுதி, எது முதலில் வர வேண்டும் என்று நகர்த்திவிட்டு அப்புறம் டைப் அடிக்கிறேன். சமீபத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு, பில்லில் ஜிஎஸ்டி ஏன் இரண்டு விகிதத்தில் போட்டிருக்கிறது என்று பழைய மெயில் எதையும் பார்க்காமல் எழுதி அனுப்பினேன். மறு கேள்வி வரவில்லை, பணம் வந்தது.

ப்ரிபோசிஷன் இன்னும் தகராறுதான், 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றும் இன்றைக்கும் குத்துமதிப்பாகத்தான் விழுகின்றன. வாசிப்பில் நான்காம் நிலைக்கு வந்திருக்கிறேன், 1400 வார்த்தை. ஈசாப் கதைகளை நிறுத்திவிட்டு, விக்கிப்பீடியாவின் எளிய ஆங்கிலப் பதிப்பில் வரும் கட்டுரைகளை எடுத்து இதே மாதிரி குறிப்பெழுதித் திரும்ப எழுத ஆரம்பித்திருக்கிறேன். கதை இல்லாததால் குறிப்பு எழுதுவதே இரட்டிப்பு வேலையாக இருக்கிறது, இந்த வாரம் எடுத்திருப்பது மழைக்காலம் பற்றிய கட்டுரை, இரண்டாவது பாராவில் நிற்கிறேன்.