நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் கோப்பிக்கு என்ன கொண்டுபோக வேண்டும்

யாழ்ப்பாணத்துக் கடலிலுள்ள நெடுந்தீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அருகே ஒரு கடையில் இன்ஸ்டன்ட் கோப்பிப் பக்கற்றை வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொட்டிக் கலக்கி, சின்னக் கடதாசிக் குவளையில் ஊற்றித் தந்துவிட்டு 300 ரூபா கேட்டார்கள். அந்தப் பக்கற்றுகளில் சீனியும் பால்மாவும்தான் பெரும்பங்கு. கோப்பி பெயருக்குத்தான் இருக்கும். நெடுந்தீவில் இறங்கியதும் ஓட்டோக்காரர் கேட்ட தொகை தனிக்கதை. குவளைக்கு 300 ரூபா கொடுத்துக்கொண்டிருந்தால் சாப்பாட்டுச் செலவில் கைவைக்க வேண்டிவரும் என்பதால், நல்ல கோப்பியைச் சொந்தக் கையால் போட்டுக் குடிக்கும் வழிகளை இந்தப் பயணத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

ஊறிய தூளைச் சல்லடையால் கீழே அழுத்தி வடிக்கும் கண்ணாடிப் பிரெஞ்ச் பிரெஸ் பயணத்துக்கு உதவவே உதவாது. நண்பர் அதைத் துவாயில் சுற்றித்தான் கொண்டுவந்தார். பேருந்தில் எங்களுக்குக் கிடைத்தது பின்சில்லுக்கு நேர்மேலே உள்ள இருக்கை. பண்ணைப் பாலத்தைக் கடக்கும்வரை ஒரு குறையும் இல்லை. வேலணைக்குப் பிறகு சாரதி ஒரு பள்ளத்தையும் விலக்கவில்லை. முன்னால் நின்ற அம்மா ஒருவரின் மரக்கறிக் கூடை எங்கள் பைமேல் இருமுறை விழுந்தது. புங்குடுதீவில் பையைத் திறந்தால் துவாய் நிறையக் கண்ணாடித் துண்டுகள்.

1933 இல் இத்தாலியில் அறிமுகமான மொக்கா பொட் அலுமினியத்தால் ஆனது, விழுந்தாலும் உடையாது. கீழறையில் கொதிக்கும் நீரை நீராவி அழுத்தம் நடுக்கூடையிலுள்ள தூளூடாக மேலறைக்குத் தள்ளும். வீட்டுக் குசினியில் அது அருமையாக வேலை செய்யும். கடற்காற்றிலோ சுவாலை ஒருபக்கம் சாய்ந்து, பிடியை உருக்கப் பார்க்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் தூளில் இருக்கிறது. எங்கள் வீடுகளில் வறுத்து இடித்த கோப்பித்தூள் மிக நுண்ணியது. மொக்கா பொட்டின் சல்லடையையும் கடதாசி வடிகட்டியையும் அது அடைத்துவிடும். அந்தக் கருவிகளுக்குச் சற்றுப் பருமனாக அரைத்த தூளே வேண்டும்.

இடித்த தூளுக்குப் பொருத்தமானது அம்மம்மா காலத்து முறைதான் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஒரு சிறிய கேத்தல், கழுவிக் கழுவி மென்மையான பருத்தி வேட்டித் துண்டு, மூடி இறுகிய போத்தலில் தூள். இவ்வளவும் ஒரு கையில் அடங்கும். ஒருவருக்கு 250 மில்லிலீற்றர் நீரும் ஏறத்தாழ 15 கிராம் தூளும், அதாவது மட்டமாக மூன்று மேசைக்கரண்டியும், போதும். நீர் கொதித்ததும் கேத்தலை இறக்கி அரை நிமிடம் விட்டுத் தூளைப் போட வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் கசப்பு மிஞ்சும். தூள் முதலில் மேலே தடித்துக் கிடக்கும், பிறகு விளிம்பிலிருந்து பழுப்பு நுரை கட்டி எழும். கரண்டியால் ஒருமுறை கலக்கி, மூடி, நான்கு நிமிடம் பொறுத்து, ஒரு கரண்டி குளிர்ந்த நீரைத் தெளித்தால் மிதக்கும் தூளும் அடியில் படியும். அதன்பிறகு மெதுவாகத் துணியில் வடிக்க வேண்டும். துணியைப் பிழியவே கூடாது, பிழிந்தால் மண்டி இறங்கிவிடும்.

தூளுக்குச் செலவழிக்கிற பலர் தண்ணீரைப் பற்றி நினைப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லூடாக வருவதால் கடினமானது. அதிலுள்ள காபனேற்றுகள் கோப்பியின் மெல்லிய புளிப்பை அடித்துவிடுவதால் சுவை தட்டையாகிவிடும். நெடுந்தீவில் பல கிணறுகளில் உவர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. நாங்கள் கூடாரம் அடித்த வளவுக்குச் சொந்தக்கார அம்மா, நான் வாளியை எடுத்ததுமே, "தம்பி, அந்தத் தண்ணியிலை கோப்பி போட்டாக் குடிக்கேலாது, உப்புக் கரிக்கும்" என்று தடுத்தார். யாழ்ப்பாணத்தில் வாங்கிக் கொண்டுபோன 5 லீற்றர் போத்தல் அன்று கைகொடுத்தது. சுமக்கப் பாரம்தான், ஆனாலும் நான் அடுத்த முறையும் சுமப்பேன்.

அவரே ஒரு கடகம் நிறைய ஊமலும், அதாவது காய்ந்த பனங்கொட்டை ஓடுகளும், தந்தார். மூன்று கல் வைத்துப் பனையின் நார்வலையான பன்னாடையில் நெருப்புப் பிடித்து ஊமலை அடுக்கியபோது, காற்றுக்கு அசையாத சீரான தணல் கிடைத்தது. காஸ் குக்கர் பைக்குள்ளேயே கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் காஸ் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அதை இங்கு வந்துதான் வாங்க வேண்டும். அந்தத் தணலில் மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் சேர்த்து இடித்த தூளில் கோப்பி போட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். அந்த அம்மா சுடச்சுடப் புட்டும் மீன்பொரியலும் கொண்டுவந்து வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இதைவிட நல்ல காலைச் சாப்பாட்டை நான் எந்த விடுதியிலும் சாப்பிட்டதில்லை.

தனியாகப் பயணம் செய்கிறவருக்கு ஏரோபிரெஸ் நல்லது. 2005 இல் சந்தைக்கு வந்த அந்தப் பிளாஸ்டிக் குழாய் உடையாது, ஒரு நிமிடம் ஊறவைத்து அழுத்தினால் தெளிந்த கோப்பி கிடைக்கும், கழுவுவதற்கும் அதிகத் தண்ணீர் வேண்டாம். ஆனால் விலை அதிகம். நால்வர் போனால் நாலுமுறை அழுத்த வேண்டும்.

திரும்பும் நாளில் அடுப்பு மூட்ட நேரம் இராது, காலைப் படகைப் பிடிக்க வேண்டும். அதற்கு முதல்நாள் இரவே ஒரு லீற்றர் குளிர்ந்த நீரில் 80 கிராம் அளவு தூளைப் போட்டு மூடிவைத்து, விடியலில் துணியை இரண்டாக மடித்து வடித்துப் போத்தலில் நிரப்பினோம். இதற்கும் பருமனாக அரைத்த தூள்தான் வேண்டும், இடித்த தூள் போட்டால் வடிக்கவே விடிந்துவிடும். கசப்பில்லாத கடுங்கோப்பி, விரும்பியவர்கள் தண்ணீர் கலந்துகொண்டார்கள், நான் கலக்கவில்லை.