பாலாய்க் கலங்கிய கடல்நீர்த் தொட்டி

பல வருஷம் நன்னீர் மீன் வளர்த்த தைரியத்தில்தான் கடல்நீர்த் தொட்டியில் இறங்கினேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 190 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் கொளத்தூரில் வாங்கினேன். "இந்த மணலைக் கழுவ வேணாம் சார், அப்படியே கொட்டுங்க" என்றார் கடைக்காரர். நம்பிக் கொட்டினேன். பத்தே நிமிஷத்தில், தண்ணீருக்குள் விட்ட என் கை மணிக்கட்டுக்குக் கீழே தெரியவில்லை.

பாக்டீரியாவோடு ஈரமாக வரும் லைவ் சாண்டைத்தான் கழுவக் கூடாது. நான் வாங்கியது உலர்ந்த அரகோனைட். அது கால்சியம் கார்பனேட். மூட்டைக்குள்ளேயே உரசி உரசி மாவாகியிருக்கும்.

மூன்றாம் நாளும் தெளியவில்லை. பாக்டீரியா பெருகினாலும் தண்ணீர் இப்படித்தான் வெளுக்கும் என்று நண்பர் பயமுறுத்தினார். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தேன். காலையில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கோலமாவு தூவியதுபோல வெள்ளைப் படிவு. பாக்டீரியா என்றால் இப்படி அடியில் தங்காது. தூசிதான் என்று தெரிந்ததும் பாதி பாரம் இறங்கியது.

டம்ளரில் படிவது தொட்டியில் ஏன் படியவில்லை? தண்ணீரை அலைபோலத் தள்ளும் வேவ்மேக்கர் மோட்டார் மணலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. அதை நீர்மட்டத்துக்குத் திருப்பினேன். ஃபில்டரில் நெருக்கமான வெள்ளைப் பஞ்சு வைத்து காலையும் மாலையும் மாற்றினேன். பிழிந்தால் பால் போல வடியும். கல் இடுக்கில் படிந்ததை விட்டால் அடுத்த அசைவில் மறுபடி கிளம்பும். அதனால் 50 மில்லி சிரிஞ்சால் மேலிருந்து கீழாகத் தண்ணீரைப் பீய்ச்சி ஊதி, மெல்லிய டியூப்பால் உறிஞ்சி எடுத்தேன். எடுத்த 20 லிட்டருக்கு ஈடாக, முந்தின நாளே பக்கெட்டில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல்நீர்த் தொட்டிக்கான உப்புக் கலவையைக் கரைத்து, அடர்த்தி 1.025 இருக்கிறதா என்று பார்த்து ஊற்றினேன். தண்ணீரில்தான் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் பிரிந்து அதுவே புதிதாகக் கலங்கலாகிவிடும்.

ஆறாம் நாள் காலை தொட்டியின் பின்சுவர் தெரிந்தது. நல்லவேளை, புதுத் தொட்டியில் சேரும், மீனுக்கு விஷமான அம்மோனியா அடங்கும்வரை மீன் விடக் கூடாதென்று காத்திருந்ததால் எந்த உயிரும் இதில் அவதிப்படவில்லை.

மீதி அரை மூட்டை மணலை மொட்டைமாடியில் பதினோரு தண்ணீர் விட்டு அலசினேன். தொட்டியில் பள்ளமாக இருந்த மூலையில் பிவிசி குழாய் வழியே மெல்ல இறக்கினேன். துளி கூடக் கலங்கவில்லை.