வண்டல் நிலம்: கங்கர்லுசுவாக் நாட்குறிப்பு

16 ஆகஸ்ட் 2021, திங்கள்

கிரீன்லாந்தின் பனிப்படலம் உருகி ஓடிவரும் ஆறு ஏறியிருக்கிறது. பாலத்தடியில் அளவுகோலைப் பார்த்தேன், நேற்றைவிட ஒரு சாண் கூடுதல். ஆடிப்பெருக்குத் தண்ணீர் மாதிரி நுங்கும் நுரையுமாகப் போகிறது. நிறம் மட்டும் சாம்பல் கரைத்த பால்.

அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை.

17 ஆகஸ்ட்

ஆராய்ச்சிக்கு மூன்று பாட்டில் ஆற்றுநீர் வடிகட்டினேன். ராத்திரி முழுக்க நாய்கள்.

20 ஆகஸ்ட், வெள்ளி

சம்மிட் ஆராய்ச்சி நிலையத்தில் மழை பெய்திருக்கிறது. 14ஆம் தேதி. பனிப்படலத்தின் உச்சி, 3,216 மீட்டர் உயரம். அங்கே மழை விழுந்ததாகப் பதிவாவது இதுதான் முதல் தடவை. அளக்க மழைமானிகூட வைத்திருக்கவில்லை. எதற்கு வைக்கப் போகிறார்கள்? ஒன்பது மணி நேரம் வெப்பநிலை உறைநிலைக்கு மேலேயே நின்றிருக்கிறது. மூன்று நாளில் பனிப்படலம் முழுவதும் சேர்த்து 700 கோடி டன் மழை.

என் ஒரு சாண் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. சாப்பாடு இறங்கவில்லை.

23 ஆகஸ்ட், திங்கள்

கப்பல் ஃபியோர்டில், மலைகளுக்கு நடுவே நீளும் கடல்கையில், நிற்கிறது என்றார்கள். 'செயின்ட் ஹெலினா'. அட்லாண்டிக் நடுவே இருக்கும் அந்தத் தீவுக்கு 2018 வரை கடிதமும் ஆட்களும் சுமந்த தபால் கப்பல். இப்போது எக்ஸ்ட்ரீம் ஈ என்ற மின்சாரக் கார் பந்தயத் தொடரின் கார்களைச் சுமக்கிறது. ஏப்ரலில் சவூதி, மே கடைசியில் செனகல், இந்தச் சனி ஞாயிறு இங்கே.

கோபம்தான் வந்தது. இந்த வாரமா? இந்த மழைக்கு அடுத்தா?

தம்பியிடம் பேசினேன். இங்கே மதியம் ஒன்றரை, அங்கே ராத்திரி ஒன்பது. "அம்மா ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க அக்கா" என்றான். மற்றதைக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

24 ஆகஸ்ட்

ரிப்போர்ட் இல்லை.

25 ஆகஸ்ட், புதன்

ரஸ்ஸல் பனியாறு பக்கம் போய் வந்தேன். அந்தச் சாலையே கார் கம்பெனி போட்டதுதான். பனிமேல் கார்களைச் சோதிக்க இருபது வருஷம் முன்னால் வோக்ஸ்வாகன் போட்டது. கிரீன்லாந்தில் இதைவிட நீளமான சாலை கிடையாது. என் ஆராய்ச்சியும் அதன்மேல்தான் நடக்கிறது. ஆகவே கோபப்படுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வழியில் ஒரு கார் ஒத்திகை ஓடியது. நிறுத்தி இறங்கிவிட்டேன். ஒடிசி 21 என்று பெயர். 2.3 மீட்டர் அகலம், 550 குதிரைத் திறன், 4.5 வினாடியில் நூறு கிலோமீட்டர் வேகம். எனக்கு இவை வெறும் எண்கள். பார்த்தது வேறு. ஒரு மேட்டில் ஏறி நான்கு சக்கரமும் காற்றில் நின்றது. இரைச்சல் இல்லை, ஒரு ஊளைச் சத்தம் மட்டும். அது அந்தண்டை போனதும் பின்னால் ஓடும் ஆற்றின் சத்தம் எனக்குக் கேட்டது. பந்தயக் கார் போன மறு நொடியில் ஆற்றைக் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. கூட வந்தவர் "போகலாமா" என்று இரண்டு தடவை கேட்டார்.

கார் எழுப்பிய தூசி வெகுநேரம் அடங்கவில்லை. பனியாறு பாறையை அரைத்து அரைத்துக் கொடுத்த மாவு அது. என் வடிதாளில் தினமும் படிவதும் அதேதான்.

26 ஆகஸ்ட், வியாழன்

தூக்கமில்லை. ஒரே விஷயம் மண்டைக்குள் சுற்றுகிறது, எழுதிவிடுகிறேன்.

இந்த ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போகிறது. ஆனால் இந்தக் கரையில் கடல் ஏறாது. பனிப்படலம் அவ்வளவு பெரிய பாரம், கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. உருக உருக அந்த இழுப்பு குறையும், பாரம் இறங்கிய நிலமும் மெல்ல எழும்பும். ஆகவே இங்கே கடல் இறங்கும். சராசரியைவிட அதிகமாக ஏறுவது தொலைவில், நிலநடுக்கோட்டுப் பக்கம். எங்கள் வேதாரண்யம் பக்கம். அம்மா படுத்திருக்கும் அறையின் ஜன்னலிலிருந்து கடற்கரை எவ்வளவு தூரம் என்று சின்ன வயதில் நடந்து அளந்திருக்கிறேன். எங்கள் கிணறு உப்பாகிப் பல வருஷமாகிறது. அதற்கு இறால் பண்ணை, ஆழ்துளைக் கிணறு என்று பக்கத்திலேயே காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் இந்தப் பனியின் தலையில் கட்ட மாட்டேன். ஆனாலும் பாட்டிலை ஆற்றில் அமிழ்த்தும்போது கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

அம்மா தினமும் கேட்பாள்: "இன்னைக்குத் தண்ணி எவ்வளவு?" வேலையைப் பற்றி இல்லை, ஆற்றைப் பற்றித்தான் கேட்பாள். இந்த வாரம் கேட்கவில்லை.

27 ஆகஸ்ட்

ஆறு அப்படியே. நாய்கள் சும்மா இருந்தன.

28 ஆகஸ்ட், சனி

தகுதிச் சுற்று. கூட்டத்தை அழைப்பதில்லை என்பது இந்தத் தொடர் ஆரம்பித்தபோதே எடுத்த முடிவு. இங்கேயே இருந்துகொண்டு விடுதியில் திரையில்தான் பார்த்தேன். ஒன்பது அணி. ஒவ்வொன்றிலும் ஒரு பெண், ஒரு ஆண், ஆளுக்கு ஒரு சுற்று. நடுவில் நிறுத்தி இருக்கை மாற வேண்டும். இந்த விதியை எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெண்ணை ஓரமாக உட்கார வைத்துவிட்டு ஜெயிக்க வழியே இல்லை, அவள் ஓட்டும் சுற்றிலும் அணியின் பாதி ஓட்டம் இருக்கிறது.

கார்களுக்கு சார்ஜ் ஏற்றுவது ஹைட்ரஜன் எரிகலன். அதிலிருந்து வெளியே வருவது தண்ணீர். அதைப் படித்துவிட்டு ஏனோ கண் கலங்கிவிட்டது. கப்பல் டீசலில்தான் வந்தது, தெரியும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே பார்த்தேன்.

29 ஆகஸ்ட், ஞாயிறு

ஆண்ட்ரெட்டி யுனைடெட் அணி ஜெயித்துவிட்டது! கேட்டி மன்னிங்ஸ், டிம்மி ஹான்சன். இரண்டாவது ஜேபிஎக்ஸ்ஈ அணி, அதில் ஓட்டியவர் டிம்மியின் தம்பி கெவின். அண்ணன் முதல், தம்பி இரண்டு. அவர்கள் அப்பா கென்னத், ராலிகிராஸ் என்ற கார் பந்தயத்தில் பதினான்கு முறை ஐரோப்பிய சாம்பியன். அந்த வீட்டில் இன்று என்ன பேசியிருப்பார்கள்! எழுந்து நின்று கைதட்டினேன். விடுதிச் சமையற்கார அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

உடனே அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அங்கே நடு ராத்திரி.

30 ஆகஸ்ட்

கூடாரங்களைப் பிரிக்கிறார்கள். காற்று பனிப்படலத்திலிருந்து இறங்கி அடிக்கிறது. தடம் எது, காற்று வாரியது எது என்று நாலு நாளில் சொல்ல முடியாது. இருந்தாலும் நடந்து பார்க்கப் போகிறேன், பாசி கிழிந்த இடம் இருந்தால் சும்மா விட மாட்டேன். இந்தக் குளிரில் அது திரும்ப வளர எத்தனையோ வருஷம் ஆகும்.

31 ஆகஸ்ட், செவ்வாய்

பாலத்தில் நின்றேன். 2012 ஜூலை வெள்ளத்தில் இதன் ஒரு பக்கம் அடித்துக்கொண்டு போனது. இப்போது ஆறு இறங்க ஆரம்பித்திருக்கிறது, குளிர் வந்துவிட்டது. நேற்று ராத்திரி வானத்தில் முதல் துருவ ஒளி, பச்சையாக.

தம்பிக்கு மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் சிக்னல் கிடைக்காது என்று முன்பே சொல்லியிருக்கிறான்.

1 செப்டம்பர்

காலை 6. நேற்றைவிட நாலு விரல் குறைவு. பாட்டில் மூன்று.